பிரேசிலைப் பற்றிப் படிக்க எங்கே தொடங்குவது?

ஒரு நாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள உட்கார்ந்தால் பரப்பளவு, மக்கள்தொகை, தலைநகரம், நாணயம், அப்புறம் வரலாறு என்று எல்லாப் புத்தகமும் ஒரே வரிசையில்தான் தருகிறது. மனப்பாடம் பண்ணலாம், மறுநாள் காலையில் ஒன்றும் நிற்காது. பிரேசில் மாதிரி பெரிய நாட்டுக்கு நான் சொல்லும் வழி வேறு. அந்த நாடு எந்தக் காலத்தில் எதை விற்றுப் பிழைத்தது என்று முதலில் பாருங்கள். மக்கள் எங்கிருந்து வந்தார்கள், தலைநகரம் ஏன் இடம் மாறியது, அரசியலில் யார் கை ஓங்கியிருக்கிறது எல்லாம் அதன் பின்னாலேயே வரும்.

அதற்கு முன்னால் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு சுமார் 85 லட்சம் சதுர கி.மீ., இந்தியாவைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். ஆனால் 2022 கணக்கெடுப்பில் மக்கள் 20.3 கோடிதான். அதிலும் பெரும்பகுதி கிழக்குக் கடற்கரையையும் அதை ஒட்டிய பகுதிகளையும் விட்டு நகரவில்லை. அமேசோனாஸ் என்ற ஒரே மாநிலம் நம் தமிழ்நாட்டைப் போல 12 மடங்கு பெரியது. அதே கணக்கெடுப்பில் அங்கே மொத்த மக்கள் 40 லட்சத்துக்குள், அதில் பாதிப்பேர் மனாவுஸ் நகரத்தில். இதைப் பார்த்துவிட்டால் பாதி குழப்பம் தீர்ந்தது.

சரி, இப்போது சரக்குக்கு வருவோம். 1500-ல் கப்ரால் என்ற போர்த்துகீசியர் கோழிக்கோட்டுக்குக் கிளம்பிய வழியில் அந்தக் கரையைத் தொட்டார் (அதே வருடம் கோழிக்கோட்டுக்கும் வந்து சேர்ந்தார்). முதலில் சிவப்புச் சாயம் தரும் மரத்தை வெட்டி ஏற்றினார்கள். பிறகு கரும்பு. கரும்பு விளைந்தது வடகிழக்கில், பாஹியாவிலும் பெர்னாம்புகோவிலும், ஆகவே 1549-ல் தலைநகரம் சால்வடோர். கரும்பு ஆலைக்கு ஆள் வேண்டும் என்று ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்து வர ஆரம்பித்தது, பிறகு சுரங்கத்துக்கும் காபித் தோட்டத்துக்கும் என்று மூன்று நூற்றாண்டு நீண்டது. மொத்தம் 48 லட்சம் பேர் அளவுக்கு அடிமைகளாகக் கரையிறக்கப்பட்டார்கள், வட அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களைப் போல இது பத்து மடங்குக்கும் மேல். பிரேசிலின் இசை, சாப்பாடு, வழிபாடு, இன்றைய ஏற்றத்தாழ்வு எதைப் படித்தாலும் இந்த எண் பக்கத்தில் இருக்கட்டும்.

1690களில் மினாஸ் ஜெராய்ஸ் மலைகளில் தங்கம் கிடைத்தது. தங்கம் கப்பலேறும் துறைமுகம் ரியோ டி ஜெனிரோ, எனவே 1763-ல் தலைநகரம் அங்கே போனது. 1808-ல் நெப்போலியனுக்குப் பயந்து போர்த்துகல் அரச குடும்பமே ரியோவுக்கு ஓடி வந்தது. அதனால்தான் இந்த நாட்டின் சுதந்திரக் கதை கொஞ்சம் விசித்திரமானது: 1822 செப்டம்பர் 7 அன்று விடுதலையை அறிவித்தவரே போர்த்துகல் மன்னரின் மகன்.

அடுத்தது காபி, சாவோ பாவ்லோவின் காலம். 1888-ல்தான் அடிமை முறை ஒழிந்தது, அமெரிக்கக் கண்டத்தில் கடைசியாக. விடுதலைக்குப் பின்னும் மன்னராட்சிதான் நடந்துகொண்டிருந்தது. நஷ்டஈடு கிடைக்காத தோட்ட முதலாளிகள் மன்னரைக் கைவிட்டார்கள், ராணுவத்துக்கும் ஏற்கெனவே மனக்கசப்பு, மறு வருடமே குடியரசு. தோட்டங்களுக்கு இத்தாலியர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், 1908 முதல் ஜப்பானியர்களும். ஜப்பானுக்கு வெளியே ஜப்பானிய வம்சாவளியினர் மிக அதிகம் வாழும் நாடு இதுதான். 1930 வரை ஜனாதிபதி பதவியும் பெரும்பாலும் காபி மாநிலமான சாவோ பாவ்லோவுக்கும் பால்பண்ணை மாநிலமான மினாஸுக்கும் இடையில்தான் கைமாறிக்கொண்டிருந்தது. அந்த வருடம் ஆட்சியைப் பிடித்த வர்காஸ் என்ற அரசியல்வாதி அதை உடைத்தார். உள்நாட்டை நோக்கி மக்களை இழுக்க 1960-ல் வெட்டவெளியில் இன்றைய தலைநகரம் பிரசிலியா எழும்பியது.

அரசு அமைப்புக்கு வரும்போது நம் ஊர்ப் பழக்கத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். அங்கே ஜனாதிபதிதான் அரசு நடத்துபவர், பிரதமர் கிடையாது. 1964 முதல் 1985 வரை ராணுவ ஆட்சி, இப்போது நடப்பது 1988 அரசியலமைப்பு. கீழவையில் 513 பேர், செனட்டில் 81. மாநிலத்துக்கு மூன்று செனட்டர் என்பதால் 2022 கணக்கெடுப்பில் ஆறரை லட்சம் பேர்கூட இல்லாத ரொரைமாவுக்கும் நாலரைக் கோடியை நெருங்கும் சாவோ பாவ்லோவுக்கும் ஒரே பலம். கட்சிகள் ஏராளம். 2022 ஜனாதிபதி தேர்தலில் லூலா 50.9-க்கு 49.1 சதவீதம் என்று ஜெயித்தார், அவர் கட்சிக்குக் கீழவையில் 70 இடம்கூடத் தேறவில்லை. அதனால் எந்த ஜனாதிபதியும் கொள்கை பெரிதாக இல்லாத நடுக் கட்சிகளோடு பேரம் பேசித்தான் ஓட்ட வேண்டும், பேரம் முறிந்தால் 2016-ல் தில்மா ரூசெஃப் போனது போல பதவியே போகும். செய்தியில் எந்த ஊழல் புகார், எந்த பட்ஜெட் சண்டை வந்தாலும் இந்தக் கோணத்தில் ஒருமுறை பாருங்கள். 18 முதல் 70 வயது வரை எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஓட்டு கட்டாயம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பொருளாதாரத்தில் முதலில் பிடிக்க வேண்டிய வருடம் 1994. அதற்கு முந்தைய வருடம் விலைவாசி 2,000 சதவீதத்துக்கும் மேல் ஏறியது. காலையில் ஒட்டிய விலைச்சீட்டை மாலையில் மாற்றிய காலம் அது. ரெயால் நாணயம் வந்துதான் அடங்கியது. இன்றும் வட்டி விகிதம் அங்கே ஏன் இவ்வளவு உயரம் என்று கேட்டால் அந்தப் பயமும் ஒரு பதில்.

இன்றைய சரக்கு சோயா, இரும்புத் தாது, கச்சா எண்ணெய். செராடோ என்ற நடுப்பகுதிப் புல்வெளி மண் அமிலத்தன்மை கொண்டது. 1973-ல் தொடங்கிய எம்ப்ராபா என்ற அரசு ஆய்வு நிறுவனமும் மற்ற ஆய்வாளர்களும் சுண்ணாம்பு போட்டு மண்ணைத் திருத்தி, வெப்பப் பகுதிக்கு ஏற்ற சோயா ரகங்களைக் கொண்டுவந்தார்கள். இன்று உலகிலேயே அதிக சோயா அங்கேதான். மாடுகளோ மனிதர்களை விட அதிகம், அவற்றில் பெரும்பாலானவை நெல்லூர் பக்கத்து ஓங்கோல் மாட்டின் வம்சம்! பதிலுக்கு என்று வைத்துக்கொண்டால், நம் பண்ருட்டி முந்திரிக்குப் பூர்வீகம் வடகிழக்கு பிரேசில். பிரேசில் சரக்கை வாங்குபவர்களில் முதலிடம் சீனாவுக்கு, 2009 முதல் அதுதான் மிகப் பெரிய வர்த்தகக் கூட்டாளி. நாடாளுமன்றத்தில் பண்ணை முதலாளிகள் அணி ஏன் இவ்வளவு பலமானது, அமேசான் காட்டு விவகாரம் ஏன் தீராமல் இழுக்கிறது என்பதெல்லாம் இங்கேதான் முடிச்சுப் போட்டிருக்கிறது. விவசாயம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள், எம்ப்ரேயர் விமானங்களைச் செய்வதும் இவர்கள்தான்.

புள்ளிவிவரத்துக்கு ஐபிஜிஇ என்ற அரசுப் புள்ளியியல் அமைப்பின் தளத்துக்கே போங்கள், போர்த்துகீசியம் தெரியாவிட்டால் பிரவுசர் மொழிபெயர்ப்பு போதும். நிற விவரத்தில் ஒரு எச்சரிக்கை: கலப்பினம் 45.3, வெள்ளை 43.5, கறுப்பு 10.2 சதவீதம் என்பது 2022 கணக்கெடுப்பில் மக்கள் தாங்களே சொன்ன பதில், யாரோ அளந்து எழுதியது இல்லை. தனிநபர் வருமானத்தை நாட்டுச் சராசரியாக எடுக்காமல் பெர்னாம்புகோ, சாவோ பாவ்லோ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய கரும்புக்கரை எது, காபிக்கரை எது என்று அந்தப் பட்டியலே காட்டும்.