எத்தனை நாளில் கரைய வேண்டும்? சிதையும் ஹைட்ரோஜெல்லை முதன்முறை வடிவமைப்பவர்களுக்கு

ஹைட்ரோஜெல் செய்வது பெரிய வித்தை இல்லை. நீரை விரும்பும் பாலிமர் இழைகளை ஆங்காங்கே முடிச்சுப் போட்டால், தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஒரு வலை கிடைத்துவிடும். 1960-லேயே செக் வேதியியலாளர்கள் விக்டர்லேயும் லிமும் இப்படி ஒரு ஜெல்லைப் பற்றி எழுதினார்கள், மென்மையான கான்டாக்ட் லென்ஸ் அதிலிருந்து வந்ததுதான். ஆனால் லென்ஸ் கரையக் கூடாது. உடலுக்குள் மருந்தையோ செல்களையோ சுமந்து போகும் ஜெல்லோ, வேலை முடிந்ததும் காணாமல் போக வேண்டும், அதுவும் நாம் சொன்ன நாளில்.

படி 1: நாளை எழுதுங்கள்

பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டு அப்புறம் நாளைப் பற்றி யோசிப்பதுதான் வழக்கமான தப்பு. நானும் செய்திருக்கிறேன். ப்ராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது மலக்குடலைத் தள்ளி வைக்க ஒரு பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பாலிமர்) ஜெல்லை ஊசியால் செலுத்துவார்கள். அது சுமார் 3 மாதம் இடத்தைப் பிடித்து நிற்கும், 6 மாத வாக்கில் உடல் உறிஞ்சிவிடும். ஆக, எழுத வேண்டியது இரண்டு எண்: எதுவரை நிற்க வேண்டும், எப்போது முழுதாகப் போக வேண்டும்.

படி 2: எந்த முடிச்சு அறுபட வேண்டும்?

எஸ்டர் பிணைப்பைத் தண்ணீரே அறுக்கும், அதனால் வேகத்தை ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடியும். பெப்டைட் (சிறு புரதத் துண்டு) முடிச்சைச் செல்கள் சுரக்கும் நொதிதான் வெட்டும். திசு வளர வளர ஜெல் வழிவிட வேண்டுமானால் இதுதான் சரி, ஆனால் வேகம் ஆளுக்கு ஆள், காயத்துக்குக் காயம் மாறும். ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் பாலிமர்) ஜெல்லில் முடிச்சு என்பதே கால்சியம் அயனி. நான் முதலில் செய்த ஆல்ஜினேட் உருண்டைகள் பாஸ்பேட் பஃபரில் (பிஹெச் மாறாமல் காக்கும் கரைசல்) ஒரே இரவில் கூழாகிவிட்டன. "ஆஹா, சிதைகிறது" என்று சந்தோஷப்பட்டேன். சிதையவெல்லாம் இல்லை, பாஸ்பேட் கால்சியத்தைப் பிடுங்கிக்கொண்டது, சங்கிலிகள் முழுசாக அப்படியே கிடந்தன. ஆல்ஜினேட்டை வெட்டும் நொதி நம் உடலில் கிடையாது.

முதல் ஜெல்லுக்கு எஸ்டரையே எடுத்துக்கொள்வோம்.

படி 3: காகிதத்தில் கணக்கு

நான்கு கை கொண்ட பெக் அக்ரிலேட் (ஒவ்வொரு கை நுனியிலும் எஸ்டர் உள்ள அக்ரிலேட் தொகுதி), மூலக்கூறு எடை 20,000. இரண்டு தயோல் (கந்தக-ஹைட்ரஜன்) முனை உள்ள டிடிடி (டைதயோத்ரைட்டால், DTT) அந்தக் கைகளை இணைக்கும். ஒரு இணைப்பில் இந்தப் பக்கம் ஒரு எஸ்டர், அந்தப் பக்கம் ஒன்று. எது அறுந்தாலும் இணைப்பு போச்சு, அதனால் வேகம் இரட்டிப்பு. உதாரணத்துக்கு ஒரு எஸ்டருக்கு நாளொன்றுக்கு 0.02 (மிஞ்சியிருப்பதில் நூற்றுக்குச் சுமார் 2 அறுபடும்) என்று வைத்தால் இணைப்புக்கு 0.04.

சுவாரஸ்யம் இனிதான். எல்லா இணைப்பும் அறுந்த பிறகு ஜெல் கரையும் என்று நினைக்காதீர்கள். நான்கு கை வலையில் மூன்றில் ஒரு பங்கு இணைப்பு மிஞ்சும்போதே வலை துண்டு துண்டாகிவிடும், எட்டுக் கை என்றால் ஏழில் ஒரு பங்கு வரை தாங்கும். குறையே இல்லாத வலை என்று வைத்துக் கணக்குப் போட்டால் முதலாவதுக்கு ஏறக்குறைய 27 நாள் (ln 3 ÷ 0.04), இரண்டாவதுக்கு 49 நாள் (ln 7 ÷ 0.04). வேதியியலைத் தொடாமல், கையின் எண்ணிக்கையை மாற்றியே ஆயுளை நீட்டிவிட்டோம்! இன்னும் நீட்ட வேண்டுமா, சில எஸ்டர்களுக்குப் பதிலாக எளிதில் அறுபடாத அமைடைப் போடுங்கள்.

படி 4: ஊற்றுவது

1 மி.லி. ஜெல்லுக்கு 100 மி.கி. பெக் என்றால் 5 மைக்ரோமோல், அதாவது 20 மைக்ரோமோல் அக்ரிலேட். அதற்கு ஈடாக 10 மைக்ரோமோல் டிடிடி, சுமார் 1.54 மி.கி. இவ்வளவு சின்ன அளவை நேரடியாக நிறுக்க முயலாதீர்கள், கெட்டியான கரைசலாகச் செய்து அதிலிருந்து எடுங்கள், அதையும் அன்றன்றைக்கே செய்யுங்கள், ஏனென்றால் டிடிடி காற்றில் கெட்டுப்போகும். பிஹெச் 8 பஃபரில் இரண்டையும் கலந்து, 1 மி.மீ. இடைவெளி விட்ட இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஊற்றி, 37 டிகிரியில் ஈரப்பதத்தோடு வையுங்கள். இறுகியதும் 8 மி.மீ. வட்டங்களாக வெட்டுங்கள், ஒவ்வொன்றிலும் சுமார் 5 மி.கி. பாலிமர் இருக்கும். கிருமி நீக்கம் வேண்டுமென்றால் கரைசல்களை 0.22 மைக்ரான் வடிகட்டியில் விடுங்கள். ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிப் பாத்திரம்) வைத்தால் எஸ்டர் அங்கேயே அறுபட ஆரம்பித்துவிடும். (இது ஆய்வக மேசைக்கான ஜெல். யார் உடலிலும் வைக்க அல்ல.)

படி 5: நிறுப்பது

பிஹெச் 7.4 பஃபரில், 37 டிகிரியில் போடுங்கள். முதல் நாளில் ஜெல் ஊதும், இணையாத சங்கிலிகளும் வெளியே வரும். அது சிதைவு இல்லை, அதனால் 24 மணி நேரம் கழித்து எடுக்கும் எடையையே தொடக்கமாக வையுங்கள். நிறுக்கும் முன் வடிகட்டித் தாளில் ஒற்றி எடுங்கள், அழுத்த வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஒரே கை, ஒரே நேரம், இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது ஜெல்லை அல்ல, உங்கள் ஒற்றலை.

உலர் எடையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். அது பல நாள் அசையாமல் இருந்துவிட்டு, கடைசியில் திடீரென்று சரியும், ஏனென்றால் இணைப்பு அறுந்த சங்கிலியும் இன்னொரு கையால் வலையைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். ஈர எடையும் விறைப்பும்தான் உண்மையைச் சொல்லும்: ஜெல் ஊதிக்கொண்டே போகும், விறைப்பு முதல் நாளிலிருந்தே குறையும். ரியோமீட்டர் (விறைப்பை அளக்கும் கருவி) கிடைத்தால் விறைப்பின் இயல் மடக்கையை (ln) நாளுக்கு எதிராக வரையுங்கள், அந்தக் கோட்டின் சரிவிலிருந்து உங்கள் ஜெல்லின் உண்மையான வேகம் தெரியும், 0.04-ஐத் தூக்கிப் போட்டுவிட்டு அதை வைத்துக் கணக்கை மறுபடி போடுங்கள்.

27 என்று கணக்குப் போட்டது 15-லேயே கரைந்ததா? எஸ்டரைத் திட்டுவதற்கு முன் முதல் நாள் விறைப்பைப் பாருங்கள். அப்போதே எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்றால் வலை தொடக்கத்திலேயே ஓட்டை: தயோல் அளவு தப்பியிருக்கும், அல்லது டிடிடி நேற்றைய கரைசலாக இருக்கும்.