குளிர்கால விடுமுறை முடிந்து மலைக்குத் திரும்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

டிசம்பர் முழுவதும் லண்டனில் அக்கா வீட்டில் இருந்துவிட்டு ஜனவரியில் இலங்கை மலையகத்திலுள்ள ஹட்டனுக்குத் திரும்பினேன். வந்த அன்றே, "அந்தக் குளிரைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு இதெல்லாம் ஒரு குளிரா?" என்று சித்தியிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் நெஞ்சுச்சளியோடு நான் படுத்துக் கிடந்தபோது கொத்தமல்லி அவித்துத் தந்தவரும் அவர்தான்.

நம்மில் பலர் இந்தத் தவறைச் செய்கிறோம். லண்டனில் குளிர் தெருவோடு நின்றுவிடுகிறது. கதவைத் திறந்து உள்ளே போனால் வீடு வெதுவெதுப்பாக இருக்கும். லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில், வெளியே என்ன குளிரோ, ஏறக்குறைய அதேதான் உள்ளேயும். தகரக் கூரை பகல் சூட்டை இரவுவரை தேக்கி வைக்காது. சுமார் 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியலில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகுவதும் உண்டு. பத்து நிமிடம் பனித்தெருவில் நடப்பதும், விடியும்வரை ஈரக் குளிரில் படுத்திருப்பதும் ஒன்றல்ல. ஆகவே வந்த நாளிலிருந்தே கம்பளியும் காலுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே சூடான அறையில் தூங்கிப் பழகியவர்கள் இங்கே தணல் சட்டியை அறைக்குள் வைத்து, கதவு சன்னலை அடைத்துவிடுகிறார்கள். இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். கரி எரியும்போது வரும் காபன் மொனொக்சைட் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொண்டாலே போதும்.

பயணக் களைப்போடு கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து இரவோடு இரவாக வேனில் மலை ஏறுவதும் வேண்டாம். வழியிலுள்ள கினிகத்தேனைக்கு மேல் மூடுபனி இருக்கும். உங்களை அழைக்க இறங்கி வந்த சாரதியும் தூங்கியிருக்கமாட்டார். குளிர்காலத்தில் லண்டன் நேரம் நமக்கு ஐந்தரை மணி பின்னால் இருப்பதால் நடுநிசி தாண்டியும் கண் மூடாது. அதற்காகப் பகலெல்லாம் தூங்கினால் அது சரியாக இன்னும் நாளாகும்.

அன்பளிப்பில் நடக்கும் தவறுதான் எனக்கு அதிகம் வலித்தது. கொழுந்து பறிக்கும் சித்திக்கு இறகு அடைத்த, விலை கூடிய ஜாக்கெட் ஒன்றை வாங்கி வந்தேன். இறகு நனைந்தால் சுருண்டு, சூட்டைப் பிடித்துவைக்கும் தன்மையை இழந்துவிடும். இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு தூறலில் மலை ஏறுகிறவருக்கு அது எதற்கு? வாங்குவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பில் அவரையே கேட்டிருக்கலாம்.

இப்போது கேட்டுவிட்டேன். அக்கா அடுத்து அனுப்பும் பொதிக்கு மழைக்கோட்டு, ரப்பர் சப்பாத்து, தடித்த கம்பளிக் காலுறை என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அளவுகளைச் சித்தியே சொன்னார்.