சுவர் பட்டன் மாட்டப் போகிறீர்களா?

போன வாரம் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்து வேலையை எட்டிப் பார்த்தேன். தூண் விளக்குகளுக்காக மேடை ஓரச் சுவரில் ஆறு பட்டன் கன்ட்ரோலர் மாட்டிக்கொண்டிருந்தான் ஒரு தம்பி. பத்து வருஷத்துக்கு முந்தி நான் செய்த அதே வேலை, அதே தப்போடு. 24 வோல்ட் கன்ட்ரோலருக்கு 230 வோல்ட் கொடுப்பதெல்லாம் புகை வந்தால் தானே தெரிந்துவிடும், அதை விடுங்கள்.

கரண்டு ஒயர் மாதிரி டிஎம்எக்ஸ் இழுப்பது

நம்ம ஊர் ஒயர்மேன் கை ஜங்ஷன் பாக்ஸுக்குப் பழகிய கை. ஒரு ஒயர் வரும், நாலாகப் பிரியும். லைட்டுக்கு நிறமும் வெளிச்சமும் சொல்கிற சிக்னல் ஒயர், டிஎம்எக்ஸ் 512-க்கு அது ஆகாது. கன்ட்ரோலரில் புறப்பட்டு முதல் லைட்டுக்குள் போய் வெளியே வந்து, அடுத்ததற்குள் போய் வந்து, பூச்சரம் மாதிரி ஒரே கோர்வையாகப் போக வேண்டும். நொடிக்கு 2,50,000 பிட் ஓடுகிற ஒயர். கிளை விட்டால், கிணற்றுக்குள் கூப்பிட்ட குரல் மாதிரி சிக்னல் முட்டித் திரும்பி, பின்னால் வருவதையும் கெடுத்துவிடும்.

வள்ளியூரில் அன்று நான் செய்தது இதுதான். 14 தூண். தூணுக்குத் தூண் மேலே பாக்ஸ், அதிலிருந்து அடி லைட்டுக்கு 4 மீட்டர் ஒற்றை ஒயர். மூன்று லைட் மாட்டிச் சோதித்தேன், பிரமாதம். பூச்சு, பெயிண்ட் எல்லாம் முடிந்து 14-ஐயும் மாட்டி பட்டனை அழுத்தினால், கடைசித் தூண்கள் பச்சைக்கும் ஊதாவுக்கும் துடிக்கின்றன. கன்ட்ரோலர்தான் பழுது என்று புதுசு வாங்கினேன். அதுவும் துடித்தது. "ஏ தம்பி, இது மண்டபமா, பொருட்காட்சியா?" என்றார் மண்டபத்து அண்ணாச்சி. இறங்க ஒரு ஒயர், ஏற ஒரு ஒயர் என்று தூணுக்கு இரண்டு வேண்டும். போட்டிருந்த பைப்பில் இன்னொன்று நுழையவில்லை. புதுப் பெயிண்டில் காடி வெட்டினோம். கொத்தனார் கூலி என் கைக்காசு.

பூச்சுக்கு முன்பே இரண்டு ஒயரையும் இழுத்துவிடுங்கள். பட்டன் பெட்டி ஹால் நடுவில்தான் வருமென்றால் சிக்னலைப் பிரித்துக் கொடுக்கிற ஸ்ப்ளிட்டர் பெட்டி வைத்து, பக்கத்துக்கு ஒரு தனிச் சரம். ஒரு சரத்தில் 32 கருவிக்கு மேல் கோர்க்க வேண்டாம். சிக்னல் முட்டித் திரும்பாமல் இருக்க, சரத்தின் கடைசி லைட்டில் டேட்டா பிளஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே 120 ஓம் ரெசிஸ்டர்.

"ரெசிஸ்டர் போட்டியாலே?" என்று அந்தத் தம்பியிடம் கேட்டேன்.

"இல்லாமலே எரியுதே, அண்ணே."

மூன்று லைட்தான் மாட்டியிருந்தான்.

டிஎம்எக்ஸுக்கு மைக் கேபிள்

வேண்டாம்.

230 வோல்ட் ஒயரோடு ஒரே பைப்

கூடவே கூடாது. தனிப் பைப்.

கரண்டு போய் வந்தால்

தாலி கட்டுகிற நேரம் ஜெனரேட்டருக்கு மாறும்போது ஹால் இருட்டிலேயே நிற்கக் கூடாது. கன்ட்ரோலர் உயிர் வந்ததும் வெள்ளை வெளிச்சத்தில் தொடங்கும்படி பதிந்துவிட்டு, மெயினை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

பட்டனுக்குப் பேர்

'சீன் 1, சீன் 2' என்று விட்டுவிட்டு வராதீர்கள். அழுத்தப்போவது வாட்ச்மேன். முகூர்த்தம், பந்தி, போட்டோ, பெருக்க என்று தமிழில் ஒட்டுங்கள். வள்ளியூரில் எழுத்துத் தேய்ந்துபோனது 'பெருக்க' மட்டும்தான்.