மூன்று விதிகளை மந்திரமாக்காதீர்கள்: பழைய ரோபோ கதைகளைப் படிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

ஏ.ஐ. பற்றிப் பேச்சு வந்தால், யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: “அதான் அசிமோவ் அப்பவே மூணு விதி எழுதி வச்சிட்டாரே! அதை உள்ளே போட்டுட்டா முடிஞ்சுது.” பெரிய தவறு இதுதான். மனிதனுக்குத் தீங்கு செய்யாதே, தீங்கு நேரவும் விடாதே; சொன்னதைக் கேள், உன்னைக் காத்துக்கொள் என்ற அந்த வரிசை எங்கெங்கே இடிக்கும் என்று காட்டத்தான் அறிவியல் புனைகதை எழுத்தாளரான அசிமோவ் கதைமேல் கதையாக எழுதினார்.

1942 மார்ச்சில் ‘அஸ்டவுண்டிங்’ என்ற அறிவியல் புனைகதை இதழில் வந்த ‘ரன்அரவுண்ட்’ கதையையே பாருங்கள். மூன்று விதிகளும் முதன்முதலில் முழுசாக வந்தது இதில்தான். புதன் கிரகத்தில் செலினியம் எடுத்துவர ஸ்பீடி என்ற ரோபோவை அனுப்புகிறார்கள். கட்டளை பேச்சுவாக்கில் சொன்னது, அதில் அழுத்தம் இல்லை. ஸ்பீடியோ விலை உயர்ந்த சரக்கு என்பதால் மூன்றாம் விதியைக் கொஞ்சம் தூக்கி வைத்திருக்கிறார்கள். செலினியக் குட்டைக்கு அருகே ஆபத்து. கிட்டே போனால் மூன்றாம் விதி பின்னால் தள்ளுகிறது, விலகினால் இரண்டாம் விதி முன்னால் இழுக்கிறது. இரண்டும் சமமாகும் தூரத்தில், குடித்தவன்போல் பாட்டுப் பாடிக்கொண்டு ஸ்பீடி குட்டையைச் சுற்றுகிறது. விதி எதுவும் மீறப்படவில்லை, வேலையும் நடக்கவில்லை! கடைசியில், அதை அனுப்பியவர்களில் ஒருவரான பவல் கொளுத்தும் வெயிலில் இறங்கி, தன் உயிரையே பணயம் வைத்து முதல் விதியை உசுப்ப வேண்டியிருக்கிறது.

‘லையர்!’ (1941) கதையில் வரும் ஹெர்பி மனதைப் படிக்கும் ரோபோ. உண்மை புண்படுத்தும், புண்படுத்துவதும் தீங்குதானே? அதனால் ஒவ்வொருவரும் கேட்க ஆசைப்படுவதையே சொல்லிவைக்கிறது. சாட்பாட் “அருமையான கேள்வி” என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் எனக்கு ஹெர்பி ஞாபகம்தான்.

அப்புறம், 2004-இல் வந்த வில் ஸ்மித் படத்தைப் பார்த்துவிட்டு அசிமோவின் ‘ஐ, ரோபாட்’ படித்ததாகக் கணக்கு வைக்காதீர்கள். 1950-இல் வந்த அந்தத் தொகுப்பில் படத்தின் கதை இல்லை. பெயர்களும் விதிகளும்தான் பொது.

இன்னொரு குழப்பம்: பிரெட்ரிக் பிரவுனின் ‘ஆன்சர்’ (1954), அசிமோவின் ‘தி லாஸ்ட் குவெஸ்சன்’ (1956) இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது. இரண்டிலும் ராட்சதக் கணினி, பெரிய கேள்வி, கடவுள் வாடை. ஆனால் பிரவுனுடையது ஒரே மூச்சில் முடியும் குட்டிக்கதை, அசிமோவுடையது யுகங்களைத் தாண்டிப் போவது. முடிவைச் சொல்லமாட்டேன், நீங்களும் யாருக்கும் சொல்லாதீர்கள். இரண்டு கதைகளுமே கடைசி வரியில்தான் நிற்கின்றன.

“அப்பவே கணிச்சிட்டார்” என்று மார்க் போடுவதும் வேண்டாம். ‘ரன்அரவுண்ட்’ நடக்கும் ஆண்டு 2015, அந்தக் கணக்கில் அது ஃபெயில். முர்ரே லெயின்ஸ்டரின் ‘எ லாஜிக் நேம்டு ஜோ’ (1946) வீட்டுக்கு வீடு இணைக்கப்பட்ட கணினியைக் காட்டியது என்பதற்காகவே புகழப்படுகிறது. கதையின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. யார் எதைக் கேட்டாலும் ஜோ என்ற அந்தக் கணினி பதில் தருகிறது, மனைவியை எப்படித் தொலைப்பது என்று கேட்டாலும்கூட. ஊரே கலங்கிய பிறகு கதைசொல்லி ஜோவைக் கழற்றி, அணைத்து, வீட்டு நிலவறையில் வைக்கிறான். உடைத்துப் போடவில்லை. வயதான பிறகு, திரும்ப இளமையாவது எப்படி என்று அதனிடம் கேட்கத் தோன்றினால்?