நடுத்தர ஜீப் வாங்குமுன்: பாவித்தவரிடம் எதைக் கேட்பது, எதை நம்புவது

யாழ்ப்பாணத்தில் ஒருவர் ஜீப் வாங்கப் போகிறார் என்று தெரிந்தால் போதும், சொந்தபந்தத்தில் பாதிப் பேர் ஆலோசகர்களாகிவிடுவார்கள். டொயோட்டாவைத் தவிர வேறெதையும் தொடாதே என்பார் சித்தப்பா. கொழும்பு மச்சான் ஹொண்டாவுக்குச் சத்தியம் செய்வார். ஸ்கார்பரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் தன் வாகனத்தின் படத்தோடு நீண்ட குரல் பதிவு ஒன்றை அனுப்பிவைப்பார். இவர்களில் எவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் தம் வீதியில், தம் வெயிலில், தம் ஓட்டத்தில் கண்டதைச் சொல்கிறார்கள். அதில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று பிரித்தெடுக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நிசான் எக்ஸ்-ரெயில், டொயோட்டா ஆர்.ஏ.வி.4, ஹொண்டா சி.ஆர்.-வி., மிற்சுபிசி அவுட்லாண்டர் போன்ற ஒன்றை, பெரும்பாலும் பாவித்த வாகனமாக, முதன்முறை வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் உங்கள் ஓட்டத்தை எழுதுங்கள்

வாகனத்தின் பெயரை எழுதுவதற்கு முன் ஒரு தாளில் உங்கள் வாரத்தை எழுதுங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவது, திருநெல்வேலிச் சந்தை, நல்லூர், வீடு. இப்படி இரண்டு மூன்று கிலோமீற்றர் சிற்றோட்டம்தான் பெரும்பகுதியா? மாதம் ஒருமுறை ஏ9 வீதியால் கொழும்புக்கு, போக மட்டும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஓடுவீர்களா? வேலணை, புங்குடுதீவு, காரைநகர்ப் பக்கம் வாரந்தோறும் கடல்நடுவே போகும் தாம்போதிகளைக் கடப்பீர்களா? இந்த மூன்றும் மூன்று வகையில் வாகனத்தைத் தின்பவை. பிறகு யாருடைய அனுபவத்தைக் கேட்டாலும் இந்தத் தாளோடு ஒப்பிட்டுத்தான் எடை போடப் போகிறீர்கள்.

அதே தாளில் உங்கள் ஒழுங்கையின் அகலத்தையும் படலையின் அகலத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் தலைமுறை ஆர்.ஏ.வி.4, ஐந்தாம் தலைமுறை சி.ஆர்.-வி. இரண்டும் 1855 மில்லிமீற்றர் அகலம், பக்கக் கண்ணாடிகள் இல்லாமலே. 2013ஆம் ஆண்டுத் தலைமுறை எக்ஸ்-ரெயில் 1820, அதே காலத்து அவுட்லாண்டர் 1800. எங்கள் ஊர் மதில்களுக்கிடையில் அந்த ஐந்தரை சென்ரிமீற்றர் பெரிய தூரம்.

2. சரியான ஆளைத் தேடுங்கள்

வாகனம் வாங்கி ஆறு மாதம் ஆனவரிடம் கேட்டுப் பயனில்லை, அவர் இன்னும் மாப்பிள்ளை முறுக்கில் இருப்பார். விற்கப்போகிறவரிடம் கேட்பதும் வீண். நான்கைந்து வருடம் வைத்திருந்தவர், விற்று முடித்தவர், கூலிக்குக் கொழும்பு ஓடுகிற சாரதி, இந்த மூவரும்தான் உங்களுக்கு வேண்டியவர்கள். விற்று முடித்தவருக்கு இனி மறைக்க ஒன்றுமில்லை. கூலிச் சாரதியோ வாகனத்தின் மீது பாசம் வைக்காதவர், செலவை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்.

கராஜ்காரரிடமும் கேளுங்கள், ஆனால் அவர் காண்பது நோயாளிகளை மட்டுமே. ஊரில் ஒரு வகை வாகனம் அதிகமாக ஓடினால் அவரிடம் அதிகமாக வரத்தான் செய்யும். ஆகவே "எது அடிக்கடி வருகிறது?" என்று கேட்காதீர்கள். "எது வந்தால் உங்களுக்கே அலுப்பாக இருக்கிறது?" என்று கேளுங்கள். பதில் உடனே வரும்.

இங்கே ஒரு சிக்கலைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை ஏறிக்கொண்டே போனது. பல வருடம் ஓடியபின் வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றவர்கள் உண்டு. அப்படி இலாபம் பார்த்தவர் அந்த வாகனத்தைக் குறைசொல்ல மாட்டார். "விலை விழாது" என்பதும் "பழுதாகாது" என்பதும் வேறு வேறு. எங்கள் ஊர்ப் பேச்சில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. யாராவது நல்ல வாகனம் என்றால், எந்தக் கணக்கில் நல்லது என்று கேட்டு வையுங்கள்.

3. கேள்வியை மாற்றுங்கள்

"அண்ணை, வாகனம் எப்படி?"

"அருமையான வாகனம் தம்பி. ஒரு குறையும் இல்லை."

"கடைசியாகக் கராஜில் நின்றது எதற்கு?"

"அது முன் சொக் இரண்டும் மாற்ற. அதற்கு முன்னால் ஹைபிரிட் பற்றரி ஒருக்கால் கழற்றித் திருத்தினது. மற்றும்படி ஒன்றும் இல்லை."

அந்த "மற்றும்படி"க்குள்தான் விடயம் இருக்கிறது. மனிதர் பொய் சொல்லவில்லை, பழகிப்போன செலவு அவருக்குக் குறையாகத் தெரியவில்லை. அதனால் அபிப்பிராயம் கேட்காமல் சம்பவம் கேளுங்கள். கடைசியாகக் கொடுத்த பெரிய பில் எது? வழியில் எப்போதாவது நின்றதா, எங்கே நின்றது, எப்படி வீடு வந்தது? கியர்பொக்ஸ் எண்ணெயை எந்த மீற்றரில் மாற்றினார்கள்? உதிரிப்பாகம் எத்தனை நாளில் கிடைத்தது? மதிய வெயிலில் நெரிசலில் நிற்கும்போது ஏசி குளிருகிறதா? மனைவியோ மகனோ அதே வாகனத்தை ஓட்டுபவர்களானால் அவர்களிடம் தனியாகக் கேளுங்கள். உரிமையாளர் மறந்தது அவர்களுக்கு நினைவிருக்கும்.

4. வெளிநாட்டு அனுபவத்தை வடிகட்டுங்கள்

ஜே.டி. பவர் என்ற அமெரிக்க நிறுவனம் மூன்று வயதான வாகனங்களின் உரிமையாளர்களிடம் கேட்டு, 100 வாகனங்களுக்கு எத்தனை குறைகள் என்று ஆண்டுதோறும் கணக்கிடுகிறது. பயனுள்ள கணக்குத்தான். ஆனால் அதில் திரை மெதுவாக வேலை செய்வதும் ஒரு குறை, கியர்பொக்ஸ் இடிப்பதும் ஒரு குறை. ஜப்பானிலிருந்து வந்த வாகனத்தின் திரை முழுவதும் ஜப்பானிய எழுத்தோடும், எங்கள் வானொலியில் பாதியைப் பிடிக்காத ரேடியோவோடும் வருடக்கணக்காகக் குடித்தனம் நடத்துகிறவர்கள் நாங்கள். திரைக் குறையைத் தள்ளிவிட்டு எஞ்சின், கியர்பொக்ஸ், மின் பகுதி ஆகியவற்றை மட்டும் பாருங்கள்.

அடுத்து, அந்தக் குறைக்குக் காரணம் என்ன, அந்தக் காரணம் இங்கே உண்டா என்று பாருங்கள். இரண்டு உதாரணங்களை விரிவாகச் சொல்கிறேன்.

ஹொண்டா சி.ஆர்.-வி.யின் 1.5 லீற்றர் டர்போ எஞ்சினில், குறிப்பாக 2017, 2018 மாதிரிகளில், எஞ்சின் ஒயிலோடு பெற்றோல் கலக்கிறது என்று கனடாவிலும் சீனாவின் வடபகுதியிலும் பெரிய முறைப்பாடு எழுந்தது. கடுங்குளிரில் எஞ்சின் சூடேறுமுன்பே ஓட்டம் முடிந்துவிடுவதால், எரியாத பெற்றோல் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்கி, ஆவியாகிப் போக வழியில்லாமல் தங்கிவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் எஞ்சினைச் சூடேற்றுவது ஒரு பிரச்சினையே அல்ல. ஒயில் கம்பியை இழுத்து, மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருக்கிறதா, பெற்றோல் மணக்கிறதா என்று பார்த்தால் போதும். இதற்காக அந்த வாகனத்தை ஒதுக்கத் தேவையில்லை.

அதே கனடாவிலிருந்து வந்த இன்னொரு முறைப்பாடு எங்களுக்கு அப்படியே பொருந்தும். 2019 முதல் வந்த நான்கு சக்கர இயக்க ஆர்.ஏ.வி.4 ஹைபிரிட்டில் பின் அச்சுக்கு ஒரு தனி மின்மோட்டார் உண்டு. அதற்குப் போகும் உயர் அழுத்தக் கம்பியின் இணைப்பி வாகனத்தின் அடியில் வெளிப்பட்டு நிற்கிறது. பனிக்காலத்தில் வீதியில் தூவும் உப்பு அதற்குள் புகுந்து அரித்து, கம்பித் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டி வந்தது. பனி இல்லை என்று நாங்கள் ஆறுதல்பட முடியாது. சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் பண்ணைத் தாம்போதியில் ஒருமுறை போய்வந்து முன்கண்ணாடியை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள். தீவுப்பகுதிக்கு அடிக்கடி போகிறவர் முன்சக்கர இயக்க ஹைபிரிட்டை எடுத்தால் அந்தப் பின்மோட்டாரும் கம்பியும் இல்லாமலே போய்விடும். பனைவெளியில் மணலில் ஓட்டுபவரைத் தவிர இங்கே யாருக்கு நான்கு சக்கர இயக்கம் தேவை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எக்ஸ்-ரெயிலின் சி.வி.ரி. (படிப்படியான கியர் இல்லாத தானியங்கி) கியர்பொக்ஸ் எண்ணெய் மாற்றாமல் ஓடினால் வெப்பத்தில் தேயும். 50,000 கிலோமீற்றர் அளவில் நிறுவனம் சொன்ன எண்ணெயால் மாற்றியதற்குப் பில் கேளுங்கள். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். அவுட்லாண்டர் பி.எச்.ஈ.வி., அதாவது மின்சாரத்தில் செருகிச் சார்ஜ் ஏற்றும் ஹைபிரிட், 2013இல் வந்தபோது 12 கிலோவாற் மணி பற்றரியோடு வந்தது. பத்து வருட வெயில் கண்ட பற்றரியில் எவ்வளவு மிச்சம் என்பதைக் கணினிக் கருவி போட்டுப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். ஹொண்டாவின் வெசல் அளவில் சிறியது, என்றாலும் எல்லோரும் கேட்பதால் சொல்கிறேன். முதல் தலைமுறை ஹைபிரிட்டில் இருப்பது உலர் இரட்டைக் கிளச் கியர்பொக்ஸ். அதன் மென்பொருளுக்காகவே 2014இல் ஜப்பானில் ஹொண்டா வாகனங்களைத் திரும்ப அழைத்தது. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் கிளச் சூடேறும், எனவே பரீட்சார்த்த ஓட்டத்தைச் சந்தை நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. வாகனத்துக்கு அடியில் படுங்கள்

பழைய பாய் ஒன்றும் கைபேசி வெளிச்சமும் போதும். மேலே மினுக்கித் துடைத்து வைத்திருப்பார்கள், அடியில் யாரும் துடைப்பதில்லை. புகைக்குழாயைத் தாங்கும் கொக்கிகள், எஞ்சினைத் தாங்கும் முன் சட்டமான சப்பிரேமின் ஒட்டு வரிகள், பின் ஸ்பிரிங் அமரும் கிண்ணம், பிரேக் குழாய்கள் என்று ஒவ்வொன்றாக வெளிச்சம் பிடியுங்கள். செந்நிறமாக மேலாகப் படிந்த துரு பரவாயில்லை. விரலால் சுரண்டினால் ஏடு ஏடாகக் கழன்று வருவது ஆகாது. அலுமினியப் பகுதிகளில் வெள்ளைத் தூள் பூத்திருந்தால் அது உப்பின் வேலை. அடி முழுவதும் புதுக் கறுப்புப் பூச்சு பூசியிருந்தால் சந்தேகத்தோடு பாருங்கள். பாதுகாப்புக்காகப் பூசியதா, துருவை மறைக்கப் பூசியதா என்பது ஓரங்களில் தெரிந்துவிடும்.

பிறகு, எஞ்சின் முழுதாக ஆறிய நிலையில் மட்டும் ரேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கள். எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவது. தேநீர்க் கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படியும். கூலன்ற் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தண்ணீரோ பழுப்பு நீரோ இருந்தால், கிணற்று நீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். அப்படியான ஒன்று கிளிநொச்சி தாண்டும்வரை நன்றாக ஓடி, வவுனியாவுக்கு முன் சூடேறும். ஹைபிரிட் என்றால் பின் இருக்கைப் பக்கம் உள்ள பற்றரிக் காற்றுவாயையும் பாருங்கள். செம்மண் புழுதி அடைத்திருந்தால் பற்றரி மூச்சுவிட முடியாமல் ஓடியிருக்கிறது என்று பொருள்.

வெள்ளத்தில் நின்ற வாகனங்களும் சந்தையில் உண்டு. 2025 நவம்பர் டித்வா புயலுக்குப் பின் இதைக் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். ஆசனப் பட்டியை முடியும்வரை வெளியே இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். உதிரிச் சில்லு இருக்கும் குழியின் தரையையும் தடவிப் பாருங்கள்.

மீற்றரை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள். ரயரின் பக்கத்தில் உள்ள நான்கிலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். 30,000 கிலோமீற்றர் என்று மீற்றர் காட்டும் வாகனத்தில் பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து மினுங்கினால் விற்பவரிடம் கேட்க உங்களுக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. ஜப்பானில் ஏலம் விடும்போது வாகனத்தின் நிலையை எழுதும் ஏலத் தாள் இருந்தால் சேசி இலக்கத்தோடு ஒத்துப்பாருங்கள். அதில் தரத்துக்கான இடத்தில் ஆர் அல்லது ஆர்.ஏ. என்று இருந்தால் விபத்துக்குப் பின் திருத்தியது. 2022 எரிபொருள் நெருக்கடியில் மாதக்கணக்காக நின்றதால் குறைந்த மீற்றர் என்று சொன்னால் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நின்ற வாகனத்தின் பற்றரிக்கும் ரப்பர் பகுதிகளுக்கும் அது நல்ல செய்தியல்ல.

6. பழுதானால் யார் பார்ப்பார்?

உங்கள் கராஜ்காரரிடம் அந்த வாகனத்தின் பெயரைச் சொல்லி, கருவி போட்டுப் பார்க்க அவரிடம் வசதி உண்டா என்று கேளுங்கள். பிறகு நகரத்து உதிரிப்பாகக் கடையில் முன் பிரேக் பாட், ஏசி கொம்பிரசர், பக்கக் கண்ணாடி இந்த மூன்றுக்கும் விலை கேளுங்கள். மூன்றுக்கும் "கொழும்பில் பஞ்சிகாவத்தையில் எடுத்துத் தரலாம்" என்பதே பதிலானால், ஒவ்வொரு பழுதுக்கும் வாகனம் சில நாட்கள் நிற்கும். நம்பகத்தன்மையில் சற்றுக் குறைந்த, ஆனால் ஊரிலேயே பாகம் கிடைக்கும் வாகனத்தை நான் அதற்கு மேலே வைப்பேன்.

7. காசு கொடுக்கும் நாள்

வாகனப் புத்தகத்தில் விற்பவரின் பெயரே இருக்க வேண்டும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்த கடிதம் கைக்கு வராமல் முழுத் தொகையைக் கொடுக்காதீர்கள். கையெழுத்திட்ட வெற்றுப் பத்திரத்தோடு கைமாறிக் கைமாறி வந்த வாகனம் எவ்வளவு மலிவானாலும் எனக்கு வேண்டாம்.

வாங்கிய முதல் மாதத்தில், முன்னவர் மாற்றினேன் என்று சொன்னாலும், எஞ்சின் ஒயில், கியர்பொக்ஸ் எண்ணெய், கூலன்ற் மூன்றையும் மாற்றி, மீற்றரையும் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதி பில்லை அதற்குள் வையுங்கள். தீவுப்பகுதிக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் மறுநாளுக்குள் அடியை நன்றாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். அதற்குக் கிணற்று நீர் தாராளமாகப் போதும், ரேடியேற்றருக்குத்தான் ஆகாது.