ஜீப் போன பிறகும் சங்கம் நடக்க: நிதி திரட்ட ஒரு தொடக்கச் செய்முறை

2009இல் போர் முடிந்த பிறகு, இலங்கையின் வடக்கே வன்னிக்குத் தொண்டு நிறுவனங்கள் ஜீப்பில் வந்தன. திட்டம் முடிந்ததும் போயின. பெயர்ப்பலகை மட்டும் பல ஊர்களில் துருப்பிடித்து நிற்கிறது. உங்கள் மாதர் சங்கத்துக்கும் அந்த நிலை வராமலிருக்க, முதலில் கொப்பியிலிருந்து தொடங்குங்கள். விண்ணப்பம் எழுதுவதெல்லாம் அப்புறம்.

முதற்படி: கணக்கு. ஒரு சி.ஆர். கொப்பி (தடித்த அட்டை போட்ட பெரிய கொப்பி) வாங்கி, இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு என்று கோடு போடுங்கள். இப்படி எழுதினால் போதும்:

மார்ச் 4. சந்தா, 22 பேர், ஆளுக்கு 100 ரூபாய்: வரவு 2,200. பற்றுச்சீட்டு இல. 41 முதல் 62 வரை. கூட்டத் தேநீர்: செலவு 640. கையிருப்பு 1,560.

தேநீர்க் காசை எழுத வெட்கப்பட வேண்டாம். அதை மறைத்தால்தான் ஊரில் கதை வரும். கடை பில்லை அன்றைக்கே போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கள். ஒருமுறை எங்களிடம் வெளிநாட்டு உறவொருவர் முந்தின வருடக் கணக்குக் கேட்டார். பையைத் திறந்தால் பில்களில் எழுத்தெல்லாம் மங்கி மறைந்து, வெறும் வெள்ளைத் தாள். அந்த உதவி வரவில்லை.

அடுத்தது, ஊருக்குள் வருமானம். இங்கே கையில் காசு புழங்குவது காலபோக (மாரிமழையில் செய்யும் நெல்) அறுவடை முடிந்த கையோடுதான். ஐப்பசியில் விதைப்புக்கே கடன் வாங்கியிருப்பவரிடம் போய் நன்கொடை கேட்கக்கூடாது. மாசி, பங்குனியில் கேளுங்கள், நெல்லாகவே கேளுங்கள். காசாகத் தரத் தயங்குபவரும் அரை மூட்டை நெல் தருவார். கதிரை, கிடாரம் (பெரிய சமையல் பாத்திரம்), தகரப்பந்தல் இருந்தால் சாமத்தியவீட்டுக்கும் (பூப்புனித விழா) அந்தியேட்டிக்கும் (இறந்தவருக்கான சடங்கு) வாடகைக்கு விடலாம். வாடகையில் ஒரு பங்கைத் திருத்த வேலைக்கு ஒதுக்காவிட்டால் மூன்று வருடத்தில் கால் உடைந்த கதிரைகள்தான் மிஞ்சும்.

பிறகுதான் வெளியார். பிரதேச செயலகப் பதிவு, யாப்பு (சங்கத்தின் எழுதிய விதிகள்), சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, இருவர் கையொப்பம் எல்லாம் தயாராக இருக்கட்டும். அவசரமென்று செயலாளரின் சொந்தக் கணக்குக்குக் காசு எடுப்பிக்க வேண்டாம். அவர் எவ்வளவு நல்லவரானாலும் சரி.

கேட்கும் கடிதம் ஒரு பக்கம் போதும்: யாருக்கு, என்ன, எவ்வளவு, அடுத்த வருடம் இதை யார் கொண்டு நடத்துவது. கடைசிக் கேள்விக்குத்தான் பலரிடம் பதில் இல்லை. கோழிக்குஞ்சுக்குக் காசு தருபவர் பஸ் காசுக்குத் தரமாட்டார் என்று நினைத்துப் போக்குவரத்தையும் டெலிபோனையும் ஒளிக்கிறோம். பிறகு அதைப் பொருளாளர் தன் கைக்காசில் கட்டுகிறார். அவற்றை வெளிப்படையாகவே பாதீட்டில் (வரவு செலவுத் திட்டத்தில்) போடுங்கள்.

சேமிப்பு. சங்கத்தின் சொந்த வருமானத்தில் காற்பங்கைத் தனிக்கணக்கில் போடுங்கள். சங்கம் கட்டவேண்டிய ஆறு மாதக் கட்டட வாடகையும் கரண்ட் பில்லும் சேரும்வரை அதில் கை வைக்கவேண்டாம்.

சரி, அடுத்த கூட்டத்தில் தலைவர் உரைக்கு முன்பே அந்த சி.ஆர். கொப்பியைக் கைமாற்றி எல்லோருக்கும் காட்டுங்கள்.