நீங்கள் படித்த கல்லூரியில் உங்கள் பிள்ளைக்குப் பட்டமளிப்பு விழா: செய்ய வேண்டியவை

சென்னை ராணி மேரி கல்லூரி 1914-இலும், மகளிர் கிறித்தவக் கல்லூரி 1915-இலும், மதுரை லேடி டோக் கல்லூரி 1948-இலும் தொடங்கியவை. பாட்டி, அம்மா, பேத்தி என்று மூன்று தலைமுறை படித்து வெளியேறும் அளவுக்கு வயதான கல்லூரிகள். தான் படித்த இடத்திலேயே பிள்ளையும் பட்டம் வாங்கும்போது பெற்றோரின் கால் தானாகவே பழைய வகுப்பறைப் பக்கம் திரும்பும். அந்த ஆசை நியாயமானதுதான். ஆனால் அன்று அது உங்கள் பிள்ளையின் கல்லூரி.

முதல் வேலை விழாவுக்குப் பல வாரம் முன்பே வரும் பட்டச் சான்றிதழ் விண்ணப்பம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் பெயர், இனிஷியல், புள்ளி எப்படி இருக்கிறதோ அப்படியே நிரப்பச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியிருந்தாலும் இங்கே விரிக்கக் கூடாது. சான்றிதழ்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் பின்னால் அலைச்சல்தான்.

அதைவிட அதிகமாகத் தவறுவது தமிழ்ப் பெயர். ஆங்கிலத்தில் ல, ள, ழ மூன்றும் பல சமயம் ஒரே எழுத்தில் அடைபட்டுவிடும். அதைப் பார்த்துத் தட்டச்சு செய்பவர் யாழினியை யாலினி ஆக்கிவிடுவார்; ன, ண, ந-வுக்கும் இதே கதி. தமிழ்ப் பெயரைப் பிள்ளையே தன் கையால், எழுத்து எழுத்தாகப் பிரித்து எழுதட்டும். சரிபார்ப்புப் பட்டியலைத் துறையில் ஒட்டும்போது படம் எடுத்து அனுப்பச் சொல்லி நீங்களும் ஒருமுறை பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரி தேர்வை நடத்தினாலும் பட்டத்தை வழங்குவது பல்கலைக்கழகம். அச்சான பிறகு ஓர் எழுத்தைத் திருத்தவும் அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

அன்றைக்கு அங்கியைவிடத் தொல்லை தருவது கழுத்தில் போடும் ஹூட். அதன் முன்பக்கம் உள்ள சிறு கொக்கித் துணி சட்டைப் பொத்தானில் மாட்டுவதற்காகத் தைத்தது. புடவையிலும் சுடிதாரிலும் பொத்தான் கிடையாது. ஹூட்டின் கனமெல்லாம் முதுகுப் பக்கம் இருப்பதால் அது பின்னால் வழுக்கி, முன்பக்கம் தொண்டையை இறுக்கும். மேடையேறும் பிள்ளை ஒரு கையால் கழுத்தை இழுத்துக்கொண்டே போகும். கொக்கித் துணியை ஜாக்கெட்டோடு சேர்த்து ஓர் ஊக்கு, தோளுக்கு ஒன்றாக அங்கியோடு சேர்த்து இரண்டு. கைவசம் இன்னும் மூன்று. பட்டுப் புடவைக்கு மேல் அங்கி போட்டால் வேர்த்துக் கொட்டும். மெல்லிய பருத்திப் புடவை போதும்.

அனுமதிச் சீட்டு பெரும்பாலும் இரண்டு பேருக்குத்தான். தாத்தா, பாட்டியை அழைத்துப் போவதானால் அவர்கள் உட்கார நிழலான இடம் எது, கழிப்பறை எவ்வளவு தூரம் என்று பிள்ளையிடம் முன்கூட்டியே கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த கட்டடம் இன்று வேறு வேலைக்குப் போயிருக்கலாம். பெயரை வாசித்து, சான்றிதழ் கைமாறி, அடுத்த பெயர் வரச் சில நொடிதான். அந்த நேரத்தில் செல்பேசித் திரையைத் தேடாமல் கண்ணால் பாருங்கள். மேடைப் படத்தைக் கல்லூரிப் புகைப்படக்காரர் எடுப்பார். அதற்கான சீட்டில் பதிவெண்ணைச் சரியாக எழுதினால் போதும்.

உங்கள் பட்டமளிப்புப் படம் எடுத்த அதே இடத்தில் பிள்ளையை நிறுத்த ஆசையிருந்தால் விழாவுக்கு முன்பே, காலை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். பழைய படத்தை வெயில் படாத சன்னலோரம் தட்டையாக வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல் செல்பேசியில் பதிந்து கொண்டுபோங்கள். மரத்தை அடையாளம் வைக்காதீர்கள், அது வளர்ந்திருக்கும் அல்லது விழுந்திருக்கும். தூண், படிக்கட்டு, சன்னல் வளைவு நம்பகமானவை. பழைய ஆசிரியர்கள், விடுதி அறை, உணவகம் இதெல்லாம் இன்னொரு நாளைக்கு. பட்டம் வாங்கிய பிள்ளை அன்று தோழிகளோடு நிற்க விரும்பும். அரை மணி நேரம் விட்டுவிடுங்கள்.

சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். வெளிநாட்டுக்குத் தேவைப்படும் சான்றொப்பமும், அப்போஸ்டில் என்ற வெளியுறவு அமைச்சகச் சான்று வில்லையும் அசல் தாளின் பின்புறத்தில் வரும். பிளாஸ்டிக் மேல் முத்திரை நிற்காது, உரித்தால் அச்சும் கூடவே வரும். அமிலமில்லாத தாள் உறையில் தட்டையாக வையுங்கள், டிஜிலாக்கரில் ஏறிவிட்டதா என்றும் பாருங்கள். இரண்டு படங்களையும் ஒரே அளவில் அச்செடுத்து, பின்னால் பென்சிலால் பெயர், ஆண்டு, நின்ற இடம் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா அழுத்தினால் எழுத்து முகத்தின் மேல் தடமாகத் தெரியும்.